கருவி இருந்தது, கட்டளை வரவில்லை

விதையைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருப்பது எட்டயபுரத்துக் கரிசல் உழவருக்குப் பழகிய சங்கதி. 2022 புரட்டாசியில் செல்பேசி வைத்திருந்தவர்களுக்கும் அப்படியொரு காத்திருப்பு நேர்ந்தது.

அக்டோபர் 1-இல் இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியது. ஏர்டெல் முதலில் எடுத்துக்கொண்ட எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் 2020-லேயே 5ஜி வசதியோடு வெளிவந்த ஐபோன் 12-இல்கூட 4ஜிதான் ஓடிற்று. காசு கொடுத்தவருக்கு எரிச்சல் வராதா?

ஏன் இப்படி? அலையை வாங்கும் சில்லு உள்ளே இருந்தது. எந்த நிறுவனத்தின் கோபுரத்தோடு எப்படி இணைவது என்று அதற்குச் சொல்லும் மென்பொருள்தான் வரவில்லை. ஜியோ 5ஜிக்கெனத் தனி அமைப்பே கட்டியது; ஏர்டெல்லோ இருக்கிற 4ஜியின் தோளில் 5ஜியை ஏற்றியது. இரண்டையும் தனித்தனியே சோதித்த பிறகே தயாரிப்பாளர் பூட்டைத் திறப்பார். (அமெரிக்காவில் செல்பேசியைச் சேவை நிறுவனங்களே பெரிதும் விற்றதால், ஆண்ட்ராய்டு புதுப்பிப்புகள் அவற்றின் சோதனையில் மாதக்கணக்கில் கிடந்ததும் உண்டு.)

அதே அக்டோபரில் மத்திய அரசு இரு தரப்பையும் அழைத்து விரைவுபடுத்தச் சொன்னது. எல்லாருக்குமான ஐபோன் மென்பொருள், ஐஓஎஸ் 16.2, டிசம்பர் நடுவில்தான் வந்து சேர்ந்தது. அப்போது கார்த்திகையே முடியும் தறுவாய்.