ஒரு ரூட்டர், நாற்பது அலறல்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சுற்றி வளைத்துக் கடைசியில் நம்ம அக்கவுண்டன்சிக்கே வந்துவிடுகிறேன்.

கதை 1983 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர் மைக் மூஸ். அங்கே நெட்வொர்க் ஏதோ விசித்திரமாக நடந்துகொண்டது. கோளாறு எங்கே என்று தேட ஒரு சின்ன புரோகிராம் எழுத உட்கார்ந்தார். விடிவதற்குள் அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதுதான் நாம் இன்றும் பயன்படுத்துகிற 'பிங்'. நீர்மூழ்கிக் கப்பலில் சோனார் ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். இன்னொரு கணினிக்கு ஒரு சின்னச் செய்தி போகும். பதில் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார்.

பதில் வராவிட்டால்? அங்கேதான் சிக்கல். அந்தக் கணினியே படுத்துவிட்டதா, அல்லது அது நன்றாக இருந்து, போகிற வழியில் ஏதாவது அறுந்துவிட்டதா? பிங்குக்கு இரண்டும் ஒன்றுதான். மௌனம் என்றால் மௌனம். அதற்குப் பிறகு வந்த கண்காணிப்பு மென்பொருள்களின் வரலாற்றில் பெரும்பகுதி, இந்த மௌனத்துக்குச் சரியான அர்த்தம் தேடிய வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

1996-ல் ஈதன் கால்ஸ்டட் என்ற அமெரிக்கர் டாஸில் ஓடும் ஒரு எளிய புரோகிராம் எழுதினார். நோவல் நெட்வேர் சர்வர்களை பிங் செய்யும், பதில் இல்லையென்றால் பேஜருக்கு எண்களை அனுப்பும். அவ்வளவுதான். அந்த யோசனையை வைத்து லினக்ஸுக்கு அவர் எழுதியது 1999-ல் 'நெட்செயின்ட்' என்ற பெயரில் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. வணிகச் சின்னப் பிரச்சனையால் 2002-ல் 'நாகியோஸ்' என்று பெயர் மாறியது. உலகமெங்கும் கணினி நிர்வாகிகள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கண்காணிக்கிற கணினி ஒரு கட்டடத்தில். இன்னொரு கட்டடத்தில் நாற்பது சர்வர்கள். நடுவில் ஒரே ஒரு ரூட்டர். நள்ளிரவில் ரூட்டர் போய்விடுகிறது. நிர்வாகிக்கு எத்தனை செய்தி வரும்? நாற்பத்தொன்று. உண்மையில் செத்தது ஒன்றுதான். மற்ற நாற்பதும் பொய். அந்த நாற்பதுக்கு நடுவே உண்மையான ஒன்று எங்கேயோ புதைந்து கிடக்கும். இப்படி நாலு இரவு நடந்தால் ஐந்தாவது இரவு அவர் பேஜரை அணைத்துவிட்டுத் தூங்குவார். உண்மையான ஆபத்து அதுதான்.

நாகியோஸ் இதற்குச் செய்த ஏற்பாடு மிக எளிமையானது. ஒவ்வொரு கருவிக்கும் 'பெற்றோர்' யார் என்று நாமே எழுதித்தர வேண்டும். கண்காணிக்கிற கணினியிலிருந்து பார்த்தால் அதற்கு முன்னால் வழியில் இருக்கிற கருவிதான் பெற்றோர். சர்வர் பதில் சொல்லவில்லையா? பெற்றோரைப் பார். பெற்றோர் நலம் என்றால் சர்வர் 'விழுந்துவிட்டது'. பெற்றோரே விழுந்திருந்தால் சர்வர் 'எட்ட முடியவில்லை'. இரண்டு வழி இருந்தால் இரண்டு பெற்றோரும் விழுந்தால்தான் அந்த முடிவு. எட்ட முடியாதவைக்குச் செய்தி வேண்டாம் என்று அமைத்துவிட்டால், அன்றிரவு ஒரே ஒரு செய்திதான் வரும், ரூட்டரைப் பற்றி.

ஆனால் இந்த யோசனை நன்றாக ஓட மென்பொருளையும் மேம்படுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் பதிப்பு வரை கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சோதித்தது. ரூட்டர் விழுந்தால் நாற்பது மௌனங்களுக்கும் வரிசையில் நின்று காத்திருக்கும், மற்ற வேலையெல்லாம் தேங்கும். அதாவது மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் மிகவும் மெதுவாகும்! 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் கருவிகளை ஒரே நேரத்தில் சோதிக்கும் வசதி வந்தது. 2009-ல் நாகியோஸிலிருந்து பிரிந்த 'இசிங்கா', தன் இரண்டாம் பதிப்பில் பெற்றோர் முறையையே எடுத்துவிட்டு, சார்புகளைத் தனி விதிகளாக எழுதச் சொன்னது. மாறியவர்கள் பழைய கோப்பை அப்படியே கொண்டுபோக முடியவில்லை. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதைத் திரும்ப யோசிக்க வேண்டியிருந்தது.

இதுவரை அதிகமாக அலறுவதைப் பற்றிச் சொன்னேன். அலறவே அலறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 சாட்சி. அது கணினி நெட்வொர்க் இல்லை, மின்சாரத் தொகுப்பு. பாடம் ஒன்றுதான். அமெரிக்காவின் ஓஹாயோவில் ஒரு மின் நிறுவனத்தின் எச்சரிக்கை மென்பொருள் மதியம் 2.14-க்குப் பிறகு சத்தமில்லாமல் நின்றுபோனது. 2.41-க்கு முதன்மை சர்வரும், 2.54-க்கு மாற்று சர்வரும் விழுந்தன. கணினிப் பிரிவுக்குத் தானாகவே பேஜர் செய்தி போனது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களிடம், எச்சரிக்கை வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. திரை அமைதியாக இருந்தது, எல்லாம் நலம் என்று நினைத்தார்கள். வெளியே மின்பாதைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. மாலை 4 மணியைத் தாண்டியதும் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். கண்காணிக்கிறவனே சார்பு மரத்தின் வேர். அவன் விழுந்தால் எல்லாமே 'எட்ட முடியவில்லை'தான். அதனால் அவனைக் கண்காணிக்கவும் ஒருவர் வேண்டும்.

சரி, அக்கவுண்டன்சிக்கு வருவோம். இருப்பாய்வு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்கிறோம்? எல்லாப் பேரேட்டுக் கணக்கும் தப்பு என்று கத்துவதில்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைத்துவிட்டு, எந்த ஒரு பதிவு தப்பு என்று தேடுகிறோம். 'எட்ட முடியவில்லை' என்பது நெட்வொர்க்கின் அனாமத்துக் கணக்கு. அது "தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று நேர்மையாக ஒப்புக்கொள்வது.

ஆனால் அனாமத்தில் போட்டதை அப்படியே மறந்துவிட்டால் தணிக்கையாளர் விடமாட்டார். இங்கேயும் அப்படித்தான். யாரோ ஒரு சர்வரை வேறு ஸ்விட்சுக்கு மாற்றிவிட்டு, கோப்பில் பெற்றோரை மாற்றாமல் விட்டால், ஒருநாள் அந்த சர்வர் நிஜமாகவே செத்தாலும், பழைய பெற்றோரும் அப்போது விழுந்திருந்தால், யாருக்கும் செய்தி போகாது. மென்பொருளை எத்தனை முறை மேம்படுத்தினாலும், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று எழுதிவைப்பது மனிதர்தான். கேபிளை மாற்றிய அன்றே அதையும் மாற்றி எழுதுங்கள். நம்ம வாத்தியார்கள் அன்றாடம் பதிவு போடச் சொல்வதும் இதற்காகத்தானே!