ஆட்டுப்பால், மாட்டுப்பால், நகரசபைப் பால்

புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்றதும் மொழிபெயர்ப்புதான் ஞாபகம் வரும். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்காகப் பேசுவது, வீட்டு ஓனர் கடிதத்தைப் படித்துச் சொல்வது. ஜேன் ஆடம்ஸ் 1910இல் வெளியிட்ட ‘ஹல் ஹவுஸில் இருபது ஆண்டுகள்’ நூலில் வரும் ஒரு பெண் இன்னும் கடினமான ஒன்றைச் செய்கிறாள்.

ஹல் ஹவுஸ், ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889இல் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் தொடங்கிய சமூக இல்லம். சுற்றிலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். அந்தக் குடியிருப்புகளில் கைக்குழந்தை ஒன்று கோடையைத் தாண்டுவதே பெரும்பாடு. ஓர் இத்தாலியத் தாய் அதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்: ஊரில் பிள்ளைகள் குடித்தது ஆட்டுப்பால், இங்கே மாட்டுப்பால். பள்ளியில் குழந்தை வளர்ப்புப் பாடம் படித்த மகள் மறுக்கிறாள். அவள் சொன்னது, நம் பேச்சில், ஏறக்குறைய இப்படி: “ஆடு மாடு பிரச்சினையே இல்லம்மா. அங்க வாசல்ல நீயே கறந்தே, சுத்தம்னு தெரியும். இங்க எத்தனையோ மைல் தாண்டி வந்து கடையில விக்கிற பால். சிட்டி ஹால் ஆளுங்க வழியெல்லாம் பார்த்துட்டு சரின்னு சொன்னாத்தான் நம்ப முடியும்.”

இதைப் பலமுறை படித்துவிட்டேன். அம்மா பார்த்தது பொய் என்று அவள் சொல்லவில்லை. ஊர்ப் பால் நல்லதுதான் என்கிறாள். கண்ணால் பார்த்து நம்பிய ஒருத்திக்கு, முகம் தெரியாத அதிகாரியை ஏன் நம்ப வேண்டும் என்று புரியவைக்கிறாள். எந்த அகராதியும் இதற்கு உதவாது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி விற்க வேண்டும் என்று சிகாகோ நகரசபை சட்டம் போட்டதே 1908இல்தான்.

ஆனால் அதே படிப்பு வெட்கத்தையும் சேர்த்தே கொடுத்தது. ஹல் ஹவுஸில் 1900இல் ஓர் உழைப்பு அருங்காட்சியகம் திறந்தார்கள். பெற்றோரின் கைத்திறனைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆடம்ஸின் எண்ணம். ஏஞ்சலினா என்ற பெண்ணின் தாய் அங்கே தக்கிளியில் நூல் நூற்பாள். மகள் சமையல் வகுப்புக்கு வருவாள். தலையில் துணி கட்டிய அம்மாவை முன்வாசலில் விட்டுவிட்டு, பக்கவாசல் வழியாக நழுவிவிடுவாள்.

ஒருநாள் கல்வியியல் துறையிலிருந்து வந்தவர்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு அந்த நூற்பை வியந்தார்கள். அதற்குப் பிறகுதான் மகள் மாறினாள். வெளியாள் மெச்ச வேண்டியிருந்ததே என்பது எனக்கு இப்போதும் உறுத்தல்தான். அம்மா ஊரில் பாறை விளிம்பில் நின்று தக்கிளியைத் தொங்கவிட்டு நூற்ற கதையையும் அவளுக்கு ஆடம்ஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நாகரிகமில்லை என்று கட்டிலுக்கடியில் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த கைநெசவு உடுப்புகளை வெளியே எடுக்க, பிற்பாடு அம்மாவை ஏஞ்சலினா அனுமதித்தாள். ‘அனுமதித்தாள்’ என்றுதான் ஆடம்ஸ் எழுதுகிறார்.