வத்தலக்குண்டு ராமையாவும் கோகோலின் இன்ஸ்பெக்டரும்

போன இதழில் ஏலக்காய் ஏல மையத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, லிஃப்டில் நிறுத்திப் பேசியவர்கள் பலர். இந்த முறை நாடகத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஆனால் தொடங்குவது வங்கியில்தான். எனக்குத் தெரிந்த இடம் அதுதானே.

1984. போடியில் ஒரு வங்கிக் கிளையில் நான் கிளார்க். ஒரு நாள் காலை, முழுக்கை வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக ஒருவர் வந்து வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரிடமும் பேசவில்லை. ஒவ்வொரு கவுண்டராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் இன்ஸ்பெக்‌ஷன் வரலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் மூன்று மாதமாக டேலி ஆகாத லெட்ஜர் ஒன்று டேலி ஆனது. நகைக்கடன் பைகள் எண்ணி அடுக்கப்பட்டன. மேனேஜர் தன் கையாலேயே அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் மறுக்காமல் குடித்தார். பன்னிரண்டு மணிக்கு எழுந்து என்னிடம் வந்து, "சார், விருதுநகருக்கு ஒரு டி.டி. எடுக்கணும். கூட்டம் குறையட்டும்னு உட்கார்ந்திருந்தேன்" என்றார். ஏலக்காய் வாங்க வந்த வியாபாரியின் கணக்குப்பிள்ளை அவர்!

ஓய்வு பெறும் வயதில் இருந்த எங்கள் ஹெட் கேஷியர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது அப்படியே பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்பா. நம்ம வத்தலக்குண்டு ராமையா எழுதினது" என்றார். பி. எஸ். ராமையாவின் பெயரை நான் முதலில் கேட்டது அப்படித்தான். பி.காம். பாடத்தில் அவர் வரமாட்டார் அல்லவா.

தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி தாண்டினால் வத்தலக்குண்டு. இன்று அது திண்டுக்கல் மாவட்டம், நாம் தேனி மாவட்டம். 1905-ல் ராமையா பிறந்தபோது எல்லாம் ஒரே மதுரை ஜில்லாதான். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் அதே ஊர். 'வாடிவாசல்' எழுதிய சி. சு. செல்லப்பாவும் அங்கே வளர்ந்தவர்தான். அவர் பெயரின் முதல் எழுத்தோ நமக்குப் பக்கத்துச் சின்னமனூரைக் குறிப்பது. ஒரு சிறிய ஊருக்கு இது பெரிய கணக்கு.

ராமையா அதிகம் படித்தவர் இல்லை. பள்ளிப்படிப்பையும் முடிக்கவில்லை. பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போய்க் கிடைத்த வேலைகளைச் செய்தார். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1933-ல் 'மணிக்கொடி' தொடங்கியபோது அவர் அதன் ஆசிரியர் இல்லை. கே. ஸ்ரீனிவாசன், வ.ரா., டி. எஸ். சொக்கலிங்கம் என்ற மூவர் நடத்திய அரசியல் வாரப் பத்திரிகை அது. அது நின்றபின், 1935-ல் அதைச் சிறுகதைகளுக்கென்றே ஒரு பத்திரிகையாக மாற்றிக் கையில் எடுத்தவர் ராமையா. 1938 தொடக்கம் வரை தாக்குப்பிடித்தார். புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி என்று இன்று நாம் மரியாதையோடு சொல்லும் பெயர்களெல்லாம் அதில் எழுதியவை. வரவுசெலவைப் பார்த்தால் எந்த வங்கியும் அந்தப் பத்திரிகைக்கு ஓவர்டிராஃப்ட் கொடுத்திருக்காது.

அவரே கதைகள் ஏராளமாக எழுதினார். பொய் சொன்னால் வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் விழுந்துவிடும் என்று நம்பி அழும் சிறுமியின் கதையான 'நட்சத்திரக் குழந்தைகள்' மட்டும் இன்றும் தொகுப்புகளில் வருகிறது. பிறகு சினிமாவுக்குப் போனார். 1947-ல் 'தன அமராவதி' என்ற படத்தை இயக்கினார். அதன் பிறகு நாடகம்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ராமையாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மணிக்கொடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வந்தவற்றை, இலக்கியத்தை விட்டுப் பிழைப்புக்காகப் போன இடம் என்பதுபோல் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குக் காரணம் நம் பக்கத்து நாடகம்.

என் அப்பா மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சுற்றுக் கிராமங்களில் திருவிழா என்றால் ஜீப்பில் இறங்கி வருவார். என்னையும் அழைத்துக்கொண்டு வள்ளி திருமணம் பார்க்கப் போவார். இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து தொடங்கினால் விடியும் வரை நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகையே கிடையாது. சில சமயம் மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் அது சாத்தியம். கடைசியில் வள்ளி முருகனைத்தான் மணப்பாள் என்பது கூட்டத்தில் உள்ள கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக எல்லோரும் விழித்திருப்பார்கள். தெரிந்த கதையில் இன்று யார் என்ன கேட்கப்போகிறார், மற்றவர் எப்படி மடக்கப்போகிறார் என்பதுதான் விஷயம். தினைப்புனம் காக்கும் வள்ளி 'ஆலோலம்' பாடும்போது, மலையில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் காட்டைப் பற்றிப் பாடுவதுபோலக் கேட்பார்கள்.

அந்தச் சுவாமிகள் 1918-ல் மதுரையில் ஒரு பாலர் சபை தொடங்கினார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று நீளமான பெயர். அதில் நடிக்க வந்த சிறுவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களுடைய கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் எஸ். வி. சகஸ்ரநாமம். 1950-களில் அவர் நடத்திய குழு சேவா ஸ்டேஜ். ராமையாவின் முக்கிய நாடகங்களை மேடையேற்றியது அந்தக் குழுதான். இப்படிப் பார்த்தால், மதுரைப் பக்கத்து மேடையிலிருந்து சென்னைக்குப் போன ஒரு கோட்டின் முனையில் ராமையா நிற்கிறார்.

தெரிந்த கதையில் புதுக் கேள்வி என்றேனே, அதை அவர் செய்த விதத்தைப் பாருங்கள். மகாபாரதக் கர்ணனை எடுத்தார். நாடகத்துக்கு 'கர்ணன்' என்று பெயர் வைக்கவில்லை. 'தேரோட்டி மகன்' என்று வைத்தார். கொடை வள்ளல், சூரியனின் மகன் என்றெல்லாம் நாம் கொண்டாடும் ஒருவனைச் சபையில் மற்றவர்கள் எதைச் சொல்லிக் குத்தினார்களோ, அதையே தலைப்பாக்கினார். திரை விலகும் முன்பே தர்க்கம் தொடங்கிவிடுகிறது. எந்தக் குலம் என்று கேட்டுத்தான் ஒருவனை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்த காலத்தில், சபையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அது பழைய கதையாக இருந்திருக்காது.

இன்னொன்று எங்கள் ஹெட் கேஷியர் சொன்ன நாடகம். ரஷ்ய எழுத்தாளர் கோகோல் 1836-ல் எழுதிய புகழ்பெற்ற நாடகம் ஒன்று உண்டு. ஒரு சிற்றூருக்கு மேலிடத்திலிருந்து ரகசியமாக இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று செய்தி. விடுதி வாடகை கொடுக்க வழியில்லாத ஓர் இளைஞனை அவர் என்று நினைத்து ஊர் அதிகாரிகள் அத்தனை பேரும் விழுந்து கவனிக்கிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். அவன் போனபிறகு போஸ்ட்மாஸ்டர் அவன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது. அந்தச் சமயம் நிஜ இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்று ஆள் வந்து சொல்கிறான். ரஷ்யச் சக்கரவர்த்தியே முதல் நாள் வந்து பார்த்த நாடகம் அது.

அந்தக் கருவை ராமையா நம் கிராமத்துக்குக் கொண்டுவந்தார். பஞ்சாயத்து பிரசிடெண்ட் என்ற பதவிக்குச் செல்வாக்கு வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. சென்னை பஞ்சாயத்துச் சட்டம் 1958-ல் வந்தது, 'பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்' 1959-ல் பீம்சிங் இயக்கத்தில் படமாகவும் வந்துவிட்டது. அதில் நடித்த எஸ். எஸ். ராஜேந்திரன் பக்கத்துச் சேடபட்டிக்காரர். 1962 தேர்தலில் அவரே தேனித் தொகுதியின் எம்.எல்.ஏ. ஆனார். பதவியைக் கிண்டல் செய்த கதையில் நடித்தவருக்கு நம் மக்கள் பதவி கொடுத்தார்கள் என்று ஹெட் கேஷியர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதே 1962-ல் 'போலீஸ்காரன் மகள்' ஸ்ரீதர் இயக்கத்தில் படமானது. மூலம் ராமையாவின் நாடகம்தான். படத்தில் போலீஸ்காரராக வருகிறவர் சகஸ்ரநாமம். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நம் சி பிளாக்கிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எழுதியவர் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவருக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது 1982-ல். அதுவும் கதைக்காக இல்லை, நாடகத்துக்காகவும் இல்லை. மற்ற எழுத்தாளர்களோடு பத்திரிகை நடத்திய நாட்களை நினைத்து எழுதிய 'மணிக்கொடி காலம்' என்ற நூலுக்காக. அடுத்த ஆண்டே மறைந்தார். எங்கள் கிளையில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்து உட்கார்ந்ததற்கு ஓராண்டு முன்பு.

பொங்கல் விழாவில் இந்த ஆண்டும் சினிமாப் பாட்டு நடனம் இருக்கட்டும், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். அதோடு நாற்பது நிமிடம் மட்டும் ஒதுக்கித் தரும்படி கமிட்டியில் கேட்டிருக்கிறேன். வேடம், திரை எதுவும் வேண்டாம், நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து 'பஞ்சாட்சர'த்தில் சில காட்சிகளை வாசிப்பதுதான் திட்டம். ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் இருவர் எட்டாம் வகுப்பு மாணவிகள். பிரசிடெண்ட் வேடத்துக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. நம் சங்கத் தலைவரைக் கேட்டேன். கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "சார், நான் மைக் செட்டைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.