அமோல் முஜும்தார்

அமோல் முஜும்தார் (பிறப்பு: 11 நவம்பர் 1974, மும்பை) இந்திய முதல்தர கிரிக்கெட் வீரர், பயிற்சியாளர். வலக்கை மட்டையாளரான இவர் மும்பை, அசாம், ஆந்திர அணிகளுக்காக 171 முதல்தரப் போட்டிகளில் ஆடி, 30 சதங்களுடன் 11,167 ஓட்டங்கள் குவித்தார். இந்திய அணிக்காக ஒரு போட்டியிலும் ஆடியதில்லை. அந்த வாய்ப்புக் கிட்டாத மட்டையாளர்களில் இவருக்கு மேலே வைக்கத்தக்கவர் எவருமில்லை.

தாதர் சாரதாசிரமப் பள்ளியில் படித்தபோது ரமாகாந்த் ஆச்ரேக்கரிடம் பயிற்சி பெற்றார். 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் நடந்த பள்ளிகளுக்கிடையேயான ஹாரிஸ் கேடயப் போட்டியில் புனித சேவியர் பள்ளிக்கு எதிராக இவரது பள்ளி அணியின் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் சேர்த்தனர். அடுத்து இறங்க வேண்டியவர் 13 வயது முஜும்தார். இரண்டு நாளும் காலில் பேடு கட்டியபடி எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். சச்சின் 326, காம்ப்ளி 349 என்ற நிலையில் ஆட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. இவர் களத்தில் கால் வைக்கவே இல்லை. இவரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் இந்த நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவது பொருத்தமே.

1993-94 ரஞ்சிக் கோப்பைப் பருவத்தில் ஃபரிதாபாதில் அரியானாவுக்கு எதிரான அறிமுகப் போட்டியிலேயே 260 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தர அறிமுகத்தில் உலகில் எவரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. 2018 டிசம்பரில் மத்தியப் பிரதேச வீரர் அஜய் ரொஹேரா 267 எடுக்கும்வரை கால் நூற்றாண்டு அச்சாதனை நிலைத்தது. டெண்டுல்கருக்கு அடுத்தவர் என்று முஜும்தார் பேசப்பட்டார். 1994-இல் 19 வயதுக்குட்பட்டோர் இந்திய அணியின் துணைத்தலைவராகவும் இருந்தார். 1996-இல் டிராவிட், கங்குலி, லக்ஷ்மண் ஆகிய மூவரும் டெஸ்ட் அணிக்குள் வந்தபின் நடுவரிசையில் இடமே இல்லாமல் போனது. இவர் தேர்வாகாததற்குக் காரணம் அதுதான். திறமைக் குறைவு அன்று.

2006-07 பருவத்தில் மும்பை அணிக்குத் தலைமை ஏற்றார். முதல் மூன்று போட்டிகளிலும் அணி தோற்றது. பரோடாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் இன்னிங்ஸில் ஓர் ஓட்டமும் எடுக்காமல் ஐந்து விக்கெட்டுகளை இழந்தது. அதிலிருந்து மீண்டு வென்ற அணி, வான்கடே இறுதியாட்டத்தில் வங்காளத்தை வீழ்த்திக் கோப்பையைக் கைப்பற்றியது. பள்ளிக் காலத்தில் யாருடைய ஆட்டம் முடியக் காத்திருந்தாரோ, அந்த டெண்டுல்கர் இறுதியாட்டத்தில் இவர் தலைமையின்கீழ் ஆடிச் சதம் அடித்தார்.

ரஞ்சியில் மிக அதிக ஓட்டம் எடுத்தவர் என்ற சிறப்பும் சில காலம் இவரிடம் இருந்தது. பின்னர் வாசிம் ஜாஃபர் அதைக் கடந்தார். 2009-இல் முஜும்தார் மும்பையை விட்டு அசாமுக்கும், அதன்பின் ஆந்திரத்துக்கும் சென்றார். 2014-இல் ஓய்வு பெற்றார்.

ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கும், 2019 இந்தியச் சுற்றுப்பயணத்தில் தென்னாப்பிரிக்க அணிக்கும் மட்டைப் பயிற்சியாளராக இருந்தார். 2021-இல் மும்பை அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2023 அக்டோபரில் இந்திய மகளிர் அணியின் பொறுப்பை ஏற்றார். 2025 உலகக் கோப்பையின் லீக் சுற்றில் அடுத்தடுத்து மூன்று தோல்விகளைச் சந்தித்த அவ்வணி, அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் 338 ஓட்டங்களைத் துரத்திப் பிடித்தது. நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நடந்த இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. ஒருநாள் போட்டிகளில் இந்திய மகளிர் பெற்ற முதல் உலகக் கோப்பை இதுவே.