நான்கு இளைஞர்கள், மூன்று மின்னணுப் பெட்டிகள்

வீணையில் தந்தி அதிர்கிறது. நாகஸ்வரத்தில் குழலினுள் இருக்கும் காற்று அதிர்கிறது. தந்தியும் காற்றுக்குழலும் இல்லாத ஒரு கருவி பாடுமா? பாடும். அங்கே அலைவுறுவது மின்னோட்டம். அந்த அலைவை ஒலிபெருக்கி நம் காதுக்கு ஒலியாக்கித் தருகிறது. சிந்தசைஸர் என்னும் இக்கருவியை நம்பிப் புறப்பட்ட 'டெபெஷ் மோட்' என்ற ஆங்கில இசைக்குழுவின் கதையைக் கேளுங்கள்.

முதலில் கருவியைப் பார்ப்போம். இதன் உயிர்நாடி அலையியற்றி என்னும் மின்சுற்று. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் கூடினால் அதிர்வெண் கூடும், சுருதி உயரும். பிறக்கும் அலை ரம்பப் பல் போலவோ, சதுரமாகவோ இருக்கும். வடிப்பான் என்னும் மற்றொரு சுற்று அதிலுள்ள சில அதிர்வெண்களை நீக்கி ஒலியின் குணத்தை மாற்றும்.

1964-இல் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் இத்தகைய கருவியை உருவாக்கினார். தொடக்க காலக் கருவிகள் அலமாரி போன்று பெரியவை. செல்வர்களும் பெரிய நிறுவனங்களும்தான் வாங்க முடியும். ஆனால் டிரான்சிஸ்டரும் தொகுப்புச் சுற்றுகளும் மலிவானதால், 1970-களில் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கருவிகள் கடைக்கு வந்தன. விலை குறைவு; குறையும் உண்டு. அவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும்.

லண்டனில் திரைப்படத் தொகுப்பாளராகப் பணியாற்றிய டேனியல் மில்லர் பழைய கோர்க் சிந்தசைஸர் ஒன்றை வாங்கினார். அதையும் ஒரு நாடாப் பதிவுக் கருவியையும் கொண்டு வீட்டிலேயே இரண்டு பாடல்களைப் பதிவு செய்து, 1978-இல் தாமே இசைத்தட்டாக வெளியிட்டார். அதற்காக அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'மியூட்'. அதன் பொருள் 'ஊமை' என்பதுதான் வேடிக்கை!

லண்டனுக்குக் கிழக்கே எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் பேசில்டன் என்ற ஊர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் அது. 1980-இல் அங்கே வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி பிளெட்சர், டேவ் கஹான் ஆகிய நால்வரும் ஒன்று சேர்ந்தனர். கோர் வங்கி ஊழியர். பிளெட்சர் காப்பீட்டு நிறுவன ஊழியர். மூவர் கருவி மீட்ட, கஹான் பாடினார். ஒவ்வொரு கருவியும் ஒரு சுரத்தையே தரும் என்பதால், மூன்று தனித்தனி இழைகளைப் பின்னியே அவர்கள் பாட்டை அமைத்தார்கள். கருவியின் குறையே அவர்கள் பாணியாயிற்று.

பெரிய நிறுவனங்கள் பணப்பையோடு அழைத்தபோதும் அவர்கள் மில்லரையே தேர்ந்தெடுத்தனர். எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாய்மொழி உடன்பாடுதான். பிரிட்டனில் வரும் இலாபத்தில் இருதரப்புக்கும் பாதிப் பாதி. 1981-இல் அவர்களது மூன்றாவது இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 8-ஆம் இடத்தைப் பிடித்தது. அவ்வாண்டு வந்த முதல் தொகுப்புக்கு, குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்பிக்கும் ஒரு பேசும் மின்னணுப் பொம்மையின் பெயரையே சூட்டினார்கள்.

பிறகு வந்தது சோதனை. பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய கிளார்க் அந்த ஆண்டின் இறுதியில் விலகினார். வெளியிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெட்டி பல வாத்தியங்களின் வேலையைச் செய்தால் கலைஞர்களின் பிழைப்பு என்னாவது? 1982-இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைஸரைத் தடை செய்யக் கோரியது. அந்த அச்சத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. எனினும் கருவி இருந்தால் போதுமா, பாட்டை எண்ணிப் பார்க்க ஆள் வேண்டாமா என்பதும் கேள்விதான்.

அதற்கு அவர்கள் பாட்டாலேயே விடை தேடினார்கள். பாடல் எழுதும் பொறுப்பைக் கோர் ஏற்றார். முறையான இசைப் பயிற்சி பெற்ற ஆலன் வைல்டர் குழுவில் சேர்ந்தார். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்புக்காக அவர்கள் தெருவில் இறங்கி, இரும்புக் குழாய்களையும் தகரத்தையும் தட்டி ஒலிகளைப் பதிவு செய்தனர். ஒலியலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிப்பது சாம்ப்ளர் என்னும் கருவி. சேமித்த எண்களை வேகமாகப் படித்தால் சுருதி உயரும். மெதுவாகப் படித்தால் தாழும். இப்படித் தகரத்தின் ஓசையும் சுரமாயிற்று.

1988 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் பாசடீனா விளையாட்டரங்கில் சுமார் 60,000 பேர் அவர்கள் இசையைக் கேட்டனர். மியூட் நிறுவனம் 2002-இல் பெரிய நிறுவனமான இ.எம்.ஐ.க்கு விற்கப்படும் வரை, 20 ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் சிறிய வீட்டிலேயே பெரிய குழுவாக வாழ்ந்தார்கள். 2022-இல் பிளெட்சர் காலமானார். கஹானும் கோரும் 2023-இல் புதிய தொகுப்பை வெளியிட்டனர்.

இன்று உங்கள் கைப்பேசியிலேயே பல சிந்தசைஸர்களின் வேலை அடங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரே சுரம் என்று உங்களுக்கு நீங்களே விதி வகுத்துக்கொண்டு, நண்பர் இருவரோடு ஒரு மெட்டைப் பின்னிப் பாருங்கள். பேசில்டன் இளைஞர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பது அப்போது விளங்கும்.