சுவரேறிய பெட்டி

தொலைக்காட்சியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் திரையின் பக்கமிருந்தே சொல்கிறோம். கறுப்பு வெள்ளை, வண்ணம், பிளாஸ்மா, எல்.இ.டி. என்று வரிசையாக. சுவரின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அதில் வரும் முக்கியமான ஆட்கள் டிவியோடு சம்பந்தமே இல்லாதவர்கள்.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்றைக்கு டிவி என்பது ஒரு மேசைச் சாமான், இன்னும் சரியாகச் சொன்னால் அலமாரி. சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகளில் நாலு கால் வைத்த, இழுத்துச் சாத்தும் மரக்கதவு போட்ட மாடல்கள் இருந்தன. பெட்டி அவ்வளவு ஆழமாக இருந்ததற்குக் காரணம் உள்ளே இருந்த படக்குழாய். பின்கழுத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றை திரை முழுக்க விரிந்து பரவ அதற்குத் தூரம் வேண்டும். திரை அகலமானால் பெட்டியும் பின்னால் நீளும். முகப்பில் கனத்த கண்ணாடி இருந்ததால் எடை முழுக்க முன்பக்கம்தான். 29 இன்ச் பெட்டியை ரெண்டு பேர் மூச்சுப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

இந்த முன்பாரம் ஆபத்தானது. பெட்டியை உயரமான அலமாரி மேல் வைத்தால், கீழே இழுப்பறையைப் படியாக்கி ஏறும் குழந்தையின் தலையில்தான் அது விழும். இப்படிப் போன குழந்தைகள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இன்றுவரை இதைப் பற்றி எச்சரித்துக்கொண்டிருக்கிறது. டிவியைச் சுவரில் மாட்டுவது வெறும் அழகுக்காகன்னு நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தமிழ்நாட்டில் 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 இன்ச் பெட்டிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயின. பல வீடுகளில் அதை வைக்க மேசை கிடையாது. டிரங்குப் பெட்டி மேல் வைத்தார்கள், பீரோ மேல் வைத்தார்கள், மூலையில் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு சிலாப் போட்டுக்கொண்டார்கள். டீக்கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் இரும்பு ஆங்கிள் அடித்து, கூரைக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். அங்கே அது நியாயம். பார்ப்பவர்கள் நின்றுகொண்டு பார்க்கிறார்கள், யார் கையும் பெட்டியில் படக்கூடாது.

சுவரில் மாட்டும் டிவி என்ற கனவு இதற்கெல்லாம் வெகு முந்தையது. 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லாட்டோ, வில்சன் மூவரும் பிளாஸ்மா திரையை உருவாக்கினார்கள், அதுவும் கணினிவழிக் கல்விக்காக. 1968-இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவின் திரவப் படிகத் திரையை உலகுக்குக் காட்டியது. தட்டையான டிவி கடைக்கு வர அதன்பிறகு கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆனது.

ஆனால் அதைத் தாங்கப்போகும் பொருள் அதற்குள் தயாராகக் காத்திருந்தது.

செங்கல்லில் திருகாணி நேரடியாக நிற்காது. அதனால் பழைய முறையில் உளியால் சுவரைக் கொத்தி, மரக்கட்டையைச் செருகி, அதில்தான் முடுக்குவார்கள். நம்மூர்ப் பழைய வீடுகளில் சுவிட்ச் பலகையைக் கழற்றினால் அந்தக் கட்டைகள் இன்றும் கிடைக்கும். 1911 வாக்கில் லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்ததாரரிடம் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்கள் பொருத்தும் வேலை வந்தது. சுவரைச் சிதைக்கக் கூடாது, பார்வைக்கும் தெரியக் கூடாது. அவர் சணல் நாரைச் சுருட்டி, விலங்கு ரத்தத்தால் ஒட்டி இறுக்கி, ஒரு சின்னக் குழாய் செய்தார். திருகாணி உள்ளே போகப்போக அது விரிந்து துளையின் பக்கங்களை நெருக்கிப் பிடித்தது. உலகத்துச் சணலில் பெரும்பகுதி வங்கத்தில் விளைந்த காலம் அது. நம் எலக்ட்ரீஷியன்கள் 'ராவல் பிளக்' என்று சொல்கிறார்களே, அதில் ஒளிந்திருப்பது இந்த ராலிங்ஸின் பெயர்தான்.

1958-இல் ஜெர்மனியின் டும்லிங்கன் கிராமத்தில் ஆர்ட்டூர் ஃபிஷர் அதையே நைலானில் செய்தார். தையல்காரர் மகன், பூட்டுத் தொழில் பழகியவர், ஆயிரத்து நூறுக்கும் மேல் காப்புரிமை எடுத்தவர். அவருடைய பிளக்கில் பற்கள் இருந்தன. துளைக்குள் சுழலாமல் தடுக்கச் சின்னச் சிறகுகளும் இருந்தன. பிற்பாடு உடைந்த எலும்பைப் பிடிக்கவும் இதே கொள்கையில் பிளக் செய்தார். என் கணக்கில் டிவியைச் சுவரேற்றியவர் இவர்.

மற்றொரு பக்கம் வெசா என்ற அமைப்பு டிவியின் முதுகில் உள்ள துளைகளின் இடைவெளியை வரையறுத்தது. 100க்கு 100, 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீட்டர் என்று. எந்தக் கம்பெனி டிவியானாலும் எந்தக் கடையில் வாங்கிய பிராக்கெட்டிலும் உட்காருவது அதனால்தான்.

எங்கள் வீட்டுக்கு மாட்ட வந்தவர் டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். "பூச்சுல நின்னா நிக்காது சார், கல்லப் புடிக்கணும்" என்றார். டிரில் இறங்கும்போது முதலில் சாம்பல் நிறப் பொடி, அது பூச்சு. பிறகு சிவப்புப் பொடி வந்தால் செங்கல். கடைசிவரை சாம்பலாகவே வந்து திடீரென்று பிட் பொசுக்கென உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். அங்கே சாதாரண பிளக் நெருக்கிப் பிடிக்கப் பின்னால் ஒன்றுமில்லை, உள்ளே போய் விரியும் வேறு வகை வேண்டும். இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் துளை விழுந்தால் இடத்தை மாற்றுவது நல்லது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயோ கீழேயோ துளைக்கவே கூடாது, வயர் போகும் பைப் அநேகமாக அந்தக் கோட்டில்தான் இருக்கும்.

முன்னால் இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட்டை மட்டும் அவர் வேண்டாம் என்றார். அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. சுவரிலிருந்து 5 சென்டிமீட்டரில் நிற்கும் அதே 15 கிலோ டிவி 50 சென்டிமீட்டர் வெளியே வந்தால், மேல்வரிசைத் திருகாணிகளைப் பிடுங்கும் இழுப்பு பத்து மடங்காகிறது.

உயரத்தில்தான் எங்களுக்குத் தகராறு. பென்சிலால் அவர் குறித்தது சாமி படம் மாட்டும் உயரம். "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார்." உண்மைதான், எல்லா வீட்டிலும் அப்படித்தான். சுவரில் எதையாவது மாட்டுவது என்றாலே நம் கை சாமி படத்துக்கும் காலமானவர்களின் போட்டோவுக்கும்தான் பழகியிருக்கிறது. மிச்சத்தை டீக்கடை சொல்லிக்கொடுத்தது. ஆனால் சாமியை நிமிர்ந்து கும்பிட ஒரு நிமிஷம் போதும், சீரியலுக்குத் தினமும் மூன்று மணி நேரம் கழுத்தைத் தூக்க வேண்டும்.

சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 110 சென்டிமீட்டரில் இருக்கும். சம்மணமிட்டுத் தரையில் உட்காருபவருக்கு 70 அல்லது 75. எங்கள் வீட்டில் அம்மா தரையில்தான் உட்காருவார், முதுகைத் தூணில் சாய்த்துக்கொண்டு. திரையின் நடு 100-க்கு வரும்படி இறக்கி, லேசாகக் கீழ்நோக்கிச் சாயும் பிராக்கெட் போடச் சொன்னேன். "ரொம்பத் தாழ இருக்கே, வர்றவங்க என்ன சொல்வாங்க?" என்றார் அம்மா. பென்சில் கோடு இன்னும் மேலே அப்படியே இருக்கிறது.