கெற்றப்போல் என்றொரு சொல்

1991ஆம் ஆண்டு ஜனவரி மாதம். வளைகுடாப் போர் தொடங்கியிருந்த நாட்கள். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் இரவுப் பணியில், வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. அன்றிரவு வந்த இரு செய்திகளில் 'கற்றபுல்ற்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் இருந்தது. ஒன்றில் அது, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து போர் விமானங்களை ஏவும் நீராவிப் பொறியைக் குறித்தது. மற்றதில், மேற்குக் கரையில் இஸ்ரேலியப் படையினரின் எதிரே நின்ற பாலஸ்தீனச் சிறுவனின் கைப்பொருளைக் குறித்தது. நானோ இரண்டுக்கும் 'கவண்' என்றே எழுதிவிட்டேன்.

"தம்பி, கவணிலை வைச்சோ பிளேனை எறியிறாங்கள்?" என்று சிரித்தார், படியைப் பார்த்த மூத்த ஆசிரியர்.

அச்சொல்லின் பூர்வீகத்தை நான் தேடத் தொடங்கியது அதன் பின்னர்தான். அது கிரேக்கச் சொல். கேடயத்தைத் துளைப்பது என்று அதற்குப் பொருள் கூறுவோர் உளர். எறிதல் என்னும் வினையோடு தொடர்புபடுத்துவோரும் உளர். கி.மு. 399இல் சிசிலித் தீவின் சிராக்கியூஸ் நகரை ஆண்ட கொடுங்கோலன் முதலாம் டயோனிசியஸ், கார்த்தேஜுடனான போருக்காகப் பல நாட்டுக் கைவினைஞரை உயர்ந்த கூலிக்கு வரவழைத்தான். அவ்வேளையில்தான் இப்பொறி உருவானது என்கிறார் வரலாற்றாசிரியர் டியோடோரஸ். இரண்டு ஆண்டுகளின் பின் மோத்தியா முற்றுகையில் அது கார்த்தேஜியரின் கப்பல்களைத் தாக்கியது. சிசிலியிலிருந்து கொண்டுவரப்பட்ட அத்தகைய எறிபடையைக் கண்ட ஸ்பார்ட்டா மன்னன் ஆர்கிடாமஸ், மனிதனின் வீரம் முடிந்துபோயிற்று என்று அரற்றியதாக புளூட்டார்க் எழுதுகிறார்.

ஆக, பிறப்பில் இது அரசின் ஆயுதம். பொருளும் ஆட்பலமும் உள்ளவனே அதனைச் செய்விக்க முடியும்.

சிறுவர் கையிலுள்ள கெற்றப்போலின் வரலாறு மிகக் குறுகியது. 1839இல் அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர், இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டறிந்த பின்னரே அது சாத்தியமாயிற்று. பிரேசிலின் இறப்பர் மரம் 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்தது. கொய்யா மரத்துக் கவர்க்கொப்பு, பழைய சைக்கிள் ரியூப், சப்பாத்துத் தோல் ஒரு துண்டு: எங்கள் ஊரில் மாங்காயும் ஓணானும் அஞ்சிய ஆயுதம் இவ்வளவுதான். கிரேக்கப் பெயர் ஆங்கிலத்தின் வழியே வந்து நம் நாவில் 'கெற்றப்போல்' ஆயிற்று. சிங்களத்திலும் அது 'கெட்டபோலய' என்றே வழங்குகிறது.

கவண் இவ்விரண்டுமன்று. கயிற்றின் நடுவே கல்லை வைத்துச் சுழற்றி, ஒரு நுனியை விட்டுவிட, கல் பறக்கும். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனம் காத்தோர் கையாண்டது அது. ஆயினும் சிலப்பதிகாரம், மதுரைக் கோட்டையின் காவற்பொறிகளுள் கல்லை உமிழும் கவணையும் சேர்த்தே சொல்கிறது. புனம் காப்பவரின் கருவியும் பாண்டியனின் மதிற்பொறியும் தமிழிலும் ஒரே பெயரைத்தான் பகிர்ந்துகொண்டன.

கப்பலில் உள்ள பொறியோ வேறோர் உலகம். பிரித்தானியக் கடற்படைப் பொறியியலாளர் கொலின் மிற்செல் வகுத்த நீராவிப் பொறி 1950இல் 'பெர்சியஸ்' கப்பலில் பரீட்சிக்கப்பட்டது. இருபது தொன்னுக்கும் மேற்பட்ட விமானத்தை, நூறு மீற்றருக்கும் குறைந்த தூரத்தில், இரண்டு மூன்று விநாடிகளுக்குள் பறக்கும் வேகத்துக்கு உந்திவிடும் ஆற்றல் அப்பொறிவகைக்கு உண்டு. 2017இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 'ஜெரால்ட் ஆர். ஃபோர்ட்' கப்பலில் நீராவியின் இடத்தை மின்காந்தம் பிடித்துக்கொண்டது.

இவை அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அப்பெயரை அப்படியே வாங்கி எழுதினால், ஒரே பக்கத்தில் கப்பலும் சிறுவனும் சம ஆயுதம் ஏந்தியவர்களாகத் தோன்றுவர்.

அன்றிரவு அந்த மூத்தவர் கப்பற் செய்தியில் 'விமானங்களை உந்தி ஏவும் பொறி' என்று திருத்தினார். மற்றதில் 'கெற்றப்போல்' என்று எழுதினார். அது பேச்சு வழக்கல்லவா என்று நான் தயங்கினேன்.

"இருக்கட்டும். அந்தப் பொடியன்ரை கையிலை என்ன இருந்தது எண்டு வாசிக்கிறவனுக்குத் தெரியவேணும்" என்றார்.